கணிப்பொறி இசையில் நம் தப்பொலி

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வரங்கில் எனக்கு அளிக்கப்பட்ட பொருள் ‘இசையும் தொழிலும்’ என்பதாகும். அத்துணை அகன்ற பொருளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. நான் இசை பயின்றவன் அல்லன். ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திருமணத்திற்கும் கொடை விழாவிற்கும் ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்தவன். ஆகையால் பொருளைச் சுருக்கிக்கொள்ள அவைத்தலைவர் அவர்களின் இசைவைப் பெற்றுக்கொண்டேன். நம் மாலை வகுப்பில் பயின்ற தம்பி ஒருவன் கணிப்பொறியில் முதன்முதலாக ஓர் ஆட்ட இசையை உருவாக்கினான். அதன் ஒலிக்கலவையைச் செப்பனிட அவனும் நானும் மூன்று மாலைப் பொழுதுகள் நம் நூலக அறையில் அமர்ந்திருந்தோம். அங்கு நடந்ததை உங்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

ஒலிக்கலவை என்பது யாது? மிக்சிங் என்று இளைஞர் கூறுவர். ஒரு பாட்டில் பத்து ஒலிகள் தனித்தனித் தடங்களில் பதிவாகியிருக்கும். அவற்றுள் எது முன்னே நிற்பது, எது பின்னே நிற்பது, எது எப்பொழுது வாய் மூடுவது என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் ஒரே ஒலியாகச் சேர்ப்பதுதான் அது. இசை அமைப்பது ஒரு வேலை. இது மற்றொரு வேலை. முன்னது நன்றாக இருந்தும் பின்னது கெட்டதனால் வீணான பாட்டுகள் பல உண்டு. தம்பியின் பாட்டும் அந்நிலையில்தான் இருந்தது.

அது நான்கு நிமிடப் பாட்டு. நிமிடத்திற்கு 128 அடி. இளைஞர்கள் ‘கிக்’ என்று கூறும் கனத்த முழக்கம் ஒவ்வோர் அடியிலும் விழும். அதன் கீழே பேஸ் எனப்படும் தாழ்வொலி. மேலே சிந்தசைசரின் நான்கைந்து அடுக்குகள். இவற்றினிடையே அவன் தன் தகப்பனாரின் தப்பொலியைச் சேர்த்திருந்தான். அவர் எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற ஆட்டக்காரர். வீட்டுத் திண்ணையில் அவரை உட்கார வைத்து, கைப்பேசியில் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டிக் கணிப்பொறியில் ஒட்டியிருந்தான்.

விழாவிற்குக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அதனைச் சோதித்துப் பார்த்தோம். தகப்பனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையோரம் நின்று கேட்டார். நான்கு நிமிடமும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மகனைப் பார்த்து, “ஏலே, நான் அடிச்சது இதுல எங்கலே இருக்கு?” என்றார்.

தம்பியால் விடை கூற இயலவில்லை. எனக்கும் உடனே விளங்கவில்லை. கணிப்பொறித் திரையில் தப்பின் தடம் இருந்தது. அதன் ஒலியளவும் உச்சத்தில் இருந்தது. காதுக்கு மட்டும் எட்டவில்லை.

இளைஞர்களே, அவர் கேட்ட கேள்வி என்னை ஏன் உறுத்தியது என்பதை நீங்கள் அறிய வேண்டும். நூல்கள் பறை என்றும் ஊரார் தப்பு, கொட்டு என்றும் கூறும் இக்கருவியை நம் தெருவினர் விரும்பி மட்டும் எடுத்ததில்லை. ஊரில் கேதம் என்றால் அழைப்பு வரும். போகாவிட்டால் வழக்கு வரும். அதனை அடிமைத் தொழில் என்று கருதி, ‘இனி அடியோம்’ என்று கைவிட்டவர்கள் தமிழகமெங்கும் உண்டு. அவ்வாறு கூறிய இளைஞர்களுள் நானும் ஒருவன். தப்பைப் பரணில் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ என்று பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இன்றும் நான் கருதவில்லை. அன்றைக்கு அது வேண்டியிருந்தது. ஆயினும், நாங்கள் பரணில் போட்ட கருவியை எங்கள் பேரப்பிள்ளைகள் தாமாகவே விரும்பி இறக்குகிறார்கள். சென்னையில் 2018 சனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முதலாக மேடையேறிற்று. கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாகக் கலந்த குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லை அடியொற்றி வைத்த பெயர் அது. அலங்காநல்லூர் வேலு ஆசான் அவர்கள் பறைக் கலைக்காக 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். காலம் இவ்வாறு மாறி வந்தபின், விரும்பி எடுத்த தப்பு மகனுடைய பாட்டிலேயே காணாமற் போவதென்றால் அதனை எப்படிப் பொறுப்பது?

முதல் மாலையில் நான் கேட்ட முதற் கேள்வி, “தப்பொலி கேட்கவில்லை என்று தெரிந்ததும் என்ன செய்தாய்?” என்பது. “கூட்டினேன், தாத்தா,” என்றான். தப்பைக் கூட்டினானாம், உடனே கிக் மெலிந்தது போலத் தோன்றிற்று, அதனைக் கூட்டினான். பின் சிந்தசைசர் அமுங்கிற்று, அதனையும் கூட்டினான். இப்படியே எல்லாம் மேலே ஏறி, கூரையில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

கணிப்பொறியில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதனைச் சுழி டெசிபெல் என்று குறிப்பர். அதற்கு மேல் ஒலி அலை எழ இயலாது. எழ முயன்றால் அதன் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஒலி கரகரக்கும். தப்பின் உயிர் எங்கே இருக்கிறது? குச்சி தோலில் பட்ட அந்தக் கணத்தில், ஊசி முனை போல எழும் கூர்மையில் இருக்கிறது. கூரையில் முட்டும் பாட்டில் முதலில் வெட்டுப்படுவது அந்த முனைதான்.

ஆகையால் எல்லாத் தடங்களையும் முற்றிலும் இறக்கிவிடச் சொன்னேன். அவனுக்கு மனம் வரவில்லை. இரண்டு மாத உழைப்பு அல்லவா? பின்னர் இறக்கினான். முதலில் கிக்கை மட்டும் ஏற்றினோம், கூரைக்குக் கீழே நல்ல இடைவெளி விட்டு. அடுத்ததாகப் பேஸை ஏற்றாமல் தப்பை ஏற்றினோம். பாட்டில் எது முதன்மையானதோ அது முதலில் இருக்கையில் அமரட்டும். மற்றவை எஞ்சிய இடத்தில் அமரட்டும் என்பது கருத்து. இறுதியில் எல்லாம் சேர்ந்தும் கூரைக்குக் கீழே 6 டெசிபெல் அளவு வெற்றிடம் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். ஒலி குறைவாக இருக்கிறதே என்று தம்பி வருந்தினான். ஒலிபெருக்கியில் கூட்டிக்கொள்ளலாம் என்றேன்.

தப்பைத் தனியே ஒலிக்கவிட்டபோதுதான் வேறொரு குறை வெளிப்பட்டது. பதிவே பழுது. ஐப்பசி மழை நாளின் ஈர மாலையில், தப்பைத் தீயில் காய்ச்சாமல் பதிவு செய்திருக்கிறான். தோல் தளர்ந்து தொப்பென்று ஒலிக்கிறது. போதாததற்குக் கைப்பேசியை ஒரு முழ தூரத்தில் வைத்திருக்கிறான். கைப்பேசிகள் பேச்சுக் குரலுக்கென அமைந்தவை. உரத்த ஒலி வந்தால் தாமே அமுக்கியும், மெல்லிய ஒலி வந்தால் தாமே உயர்த்தியும் பதிவு செய்யும். ஓங்கி அடித்த அடியும் மெல்லத் தட்டிய அடியும் ஒரே அளவாகிவிட்டன. எந்தக் கலவையாலும் இதனைத் திருத்த முடியாது. கெட்ட பதிவை நல்ல கலவையால் காப்பாற்றலாம் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள்.

எனவே இரண்டாம் மாலை வெயில் தணியுமுன்னே, ஊருக்கு வெளியே வயற்காட்டுப் பக்கம் சென்றோம். தகப்பனார் பனையோலையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். விரலால் தட்டிப் பார்ப்பார், இன்னும் சிறிது காட்டுவார், மீண்டும் தட்டுவார். கணீரென்று வந்தவுடன் எழுந்துவிட்டார். சுவர் அருகில் இல்லாத வெட்டவெளியாகையால் வேண்டாத எதிரொலி இல்லை. என்னிடமிருந்த சாதாரண மைக் ஒன்றை ஆறடி தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தி, அவர் ஓங்கி அடிக்கும்போதும் கூரையில் முட்டாதபடி அளவைக் குறைத்துப் பதிவு செய்தோம். தொலைவில் ஓர் ஆட்காட்டி கத்தியது பதிவாகிவிட்டது. அதனை நீக்க வேண்டாமென்று தம்பி கூறினான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இங்கே என் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சிறிது கூற அனுமதிக்க வேண்டுகிறேன். சிறுவனாக நான் ஓர் ஒலிபெருக்கி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, குழாய் ஒலிபெருக்கியைச் சுமந்து சென்று பனையில் ஏறிக் கட்டுவது என் வேலை. கீழே பெருக்கியைத் தொடுவது வேறொருவர் வேலை. நம் தெருப் பையன் அதன் திருகுகளில் கை வைக்கலாகாது என்பது எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே நடந்த வழக்கம். பல ஆண்டுகள் நான் மரத்தின் மேலிருந்தே கேட்டேன். மேலிருந்து கேட்டதில் ஒன்று கற்றேன். நாதசுரத்திற்கு மைக் வைப்பார்கள், வில்லுப்பாட்டிற்கு வைப்பார்கள், தப்புக்கு எவரும் வைத்ததில்லை. வைக்கத் தேவையும் இருந்ததில்லை. மைக் இல்லாமலே அது அடுத்த ஊருக்குக் கேட்டது. அப்படிப்பட்ட கருவி கணிப்பொறிக்குள் வந்ததும் அந்த வலிமையை இழந்துவிடுகிறது. அங்கே கொசுவின் ரீங்காரத்தையும் இடியையும் ஒரே உயரத்தில் நிறுத்த முடியும். எனவே ஒலியளவால் வெல்லும் வழி அங்கு இல்லை. அதற்கென ஓர் இடத்தை ஒதுக்கித்தான் தரவேண்டும்.

அவ்விடம் எது? மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது. வினாடிக்கு ஓர் அதிர்வை ஒரு ஹெர்ட்ஸ் என்பர். கிக்கின் கனம் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. பேஸும் அதே வட்டாரத்தில்தான் குடியிருக்கிறது. தப்பில் இரண்டு குச்சிகள் உண்டு என்பதை அறிவீர்கள். தடித்த அடிக்குச்சி தோலின் நடுவில் பட்டுக் கனத்த ஒலியை எழுப்புகிறது. மெல்லிய நீண்ட சுண்டுக்குச்சி சுள்ளென்ற ஒலியைத் தருகிறது. தம்பியின் பாட்டில் அடிக்குச்சியின் ஒலியைப் பேஸும் சிந்தசைசரும் மூடிக்கொண்டன. சுண்டுக்குச்சியின் ஒலியை, அவன் சலங்கை போலச் சேர்த்திருந்த மின்தாளங்கள் மூடிக்கொண்டன. மேலும் கீழும் அடைத்த பிறகு கருவிக்கு எஞ்சியது யாது?

நம் ஆற்றின் நிலையைத்தான் நான் அவனுக்கு எடுத்துக்காட்டினேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்; கடைசியாக உள்ளது நம் ஸ்ரீவைகுண்டம் அணை. மேலே உள்ள கால்கள் எல்லாம் மடை திறந்து முழுமையாக எடுத்துக்கொண்டால் கடைமடைக்கு வருவது என்ன என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடைமடையில் நின்றுகொண்டு எத்தனை உரக்கக் கூவினாலும் நீர் வராது. மேல் மடையைச் சிறிது தாழ்த்த வேண்டும்.

ஈக்குவலைசர் என்னும் கருவி அந்த மடைப்பலகையே. அதனைக் கொண்டு ஒலியின் எந்தப் பகுதியையும் கூட்டவோ குறைக்கவோ இயலும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதனைக் கூட்டுவதற்கே பயன்படுத்துகிறார்கள். குறைப்பதற்குப் பயன்படுத்துங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் செய்தது இது. கிக்கையும் பேஸையும் தவிர மற்ற எல்லாத் தடங்களிலும் 100 ஹெர்ட்சுக்குக் கீழே இருந்ததை வெட்டினோம். சிந்தசைசர் அடுக்குகளில் அங்கே இசை என்று ஏதும் இல்லை. வெறும் உறுமல்தான் இருந்தது. அடுத்து, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஒவ்வொரு சிந்தசைசரையும் சிறிது தாழ்த்தினோம். பாட்டைச் சேறாக்குவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். தாழ்த்தியதும் அடிக்குச்சியின் ஒலி, யாரும் கூட்டாமலே, எழுந்து வந்தது. மின்தாளங்களில் இரண்டை முற்றிலும் நீக்கிவிட்டோம். சுண்டுக்குச்சியே அவ்வேலையைச் செய்கிறதே, பிறகு அவை எதற்கு?

ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு அழகுபடுத்த முயலாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழ்ப்பகுதி வெட்டப்பட்ட சிந்தசைசரைத் தனியே கேட்டால் மெலிந்து நோயுற்றது போலிருக்கும். தம்பி அதைக் கேட்டு முகம் சுளித்தான். மற்றவற்றோடு சேர்த்துக் கேட்டபோது அது மெலிந்ததை அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன என்றேன். இவற்றை ஈக்குவலைசரால் பிரிப்பது கடினம், நேரத்தால் பிரிக்கவேண்டும். நிமிடத்திற்கு 128 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஏறத்தாழ அரை வினாடி. கிக் விழும் கணத்தில் பேஸ் தலை குனிந்து, அது ஓய்ந்ததும் நிமிர்ந்தால் இரண்டும் தெளிவாகக் கேட்கும். இதனைத் தானாகவே செய்யும் முறைக்கு சைடுசெயின் என்று பெயர். வெளிநாட்டு ஆட்ட இசையில் மூச்சு வாங்குவது போன்ற ஓர் ஏற்ற இறக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். அது இதனால் வருவதே. தம்பிக்கு அந்த அமைப்பு கைவரவில்லை. ஆகவே பேஸின் ஒலியளவை நான்கு அடிகளுக்குக் கையால் வளைத்து வரைந்து, அதையே பாட்டு முழுதும் படி எடுத்து ஒட்டினான். பலன் ஒன்றுதான்.

எதிரொலியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ரிவெர்ப் என்ற அந்த அணியைப் புதியவர்கள் எல்லாத் தடங்களுக்கும் சூட்டுவார்கள். அறையில் கேட்டால் அது கோயில் மண்டபம் போல இனிக்கும். நம் பொட்டலிலோ எதிர்ச்சுவரின் எதிரொலியும் சேர்ந்து எல்லாவற்றையும் குழப்பும். தப்பிலிருந்து அதனை முற்றிலும் எடுத்தோம். ஒரே ஒரு சிந்தசைசரில் மட்டும் விட்டுவைத்தோம்.

ஒற்றை ஒலியைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். என் தொழிலில் நான் கண்ட கோளாறுகளில் பாதிக்கு மேல் அதனால் விளைந்தவை. கணிப்பொறியில் பாட்டுக்கு வலம், இடம் என இரு பக்கங்கள் உண்டு. காதொலிப்பானில் கேட்கும்போது ஒலி தலையின் இருபுறமும் விரிந்து மயக்கும். ஆனால் ஊர்த் திருவிழாவில் நாங்கள் இரண்டையும் இணைத்து ஒன்றாக்கித்தான் எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்புகிறோம். இல்லையேல் தெருவின் ஒரு பக்கத்தாருக்குப் பாதிப் பாட்டுதான் கேட்கும். தம்பி தன் முதன்மையான மெட்டை ஒரு செயற்கைக் கருவியால் மிக அகலமாக விரித்து வைத்திருந்தான். வலமும் இடமும் ஒன்றுக்கொன்று தலைகீழான அலைகளாக இருந்தமையால், இணைத்தவுடன் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன; மெட்டே மறைந்தது. அவன் அதிர்ந்து போனான். எந்தப் பாட்டையும் ஒற்றை ஒலியில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தாழ்வொலிகளை நடுவிலேயே வையுங்கள். பிறகு கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும், கிடைத்தால் பழைய குழாயிலும் கேளுங்கள். சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட தாழ்வொலி இவற்றில் வராது. அங்கேயும் பாட்டு இன்ன பாட்டென்று தெரிந்தால் கலவை நிற்கிறது என்று பொருள்.

மெல்லிய ஒலியில் வேலை செய்யுங்கள். ஒலி அளவு மாறினால் காது கேட்கும் விதமும் மாறுகிறது என்பதை அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் அளந்து காட்டினர். உரத்த ஒலியில் தாழ்வொலி மிகுந்து கேட்கும். எல்லாம் இனிமையாகத் தோன்றும். நள்ளிரவில் உரக்க வைத்துக் கலந்த பாட்டைக் காலையில் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர். இரண்டு பாட்டுகளை ஒப்பிடும்போதும் உரத்தது நல்லது போலத் தோன்றும். ஆகையால் ஒலியளவைச் சமப்படுத்திய பின்னரே ஒப்பிட வேண்டும். தம்பி தனக்குப் பிடித்த ஒரு வெளிநாட்டுப் பாட்டை அருகில் வைத்துக்கொண்டு இவ்வாறு மாறி மாறிக் கேட்டான். அப்பாட்டில் எத்தனை ஒலிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன என்று எண்ணச் சொன்னேன். நான்கு! அவனுடையதில் பதினொன்று.

இந்த இடத்தில்தான் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வாழ்ந்த கிங் டப்பி என்பவரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். இயற்பெயர் ஆஸ்போர்ன் ரட்டக், 1941இல் பிறந்தவர். மின்கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அவரும் ஒலிபெருக்கி கட்டியவர்; ஆகையால் எனக்கு அவர்மேல் ஒரு சொந்தக்காரப் பாசம். 1970களில் தம் வீட்டு அறையில் கலவைப் பலகையை வைத்துக்கொண்டு, பிறர் பதிவு செய்த பாட்டிலிருந்து குரலை நீக்குவார். பின் கித்தாரை நீக்குவார். முழவும் பேஸும் மட்டும் நிற்கும். திடீரென்று குரலின் ஒரு துணுக்கு வந்து எதிரொலித்து மறையும். டப் என்று உலகம் அழைக்கும் இசை வகை இவ்வாறு நீக்கி நீக்கியே உருவாயிற்று. கலவைப் பலகையையே ஓர் இசைக்கருவியாக ஆக்கிய கறுப்பின உழைப்பாளி அவர்.

இன்றைய ஆட்ட இசையின் வேர்களும் இத்தகைய இடங்களில்தான் உள்ளன. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறு கருவியை வெளியிட்டது. பேஸ் கித்தார் வாசிப்பவர்க்கு மாற்றாகச் செய்யப்பட்டது. அது போல ஒலிக்கவில்லையாதலால் விலைபோகவில்லை. பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைத்த அதனை வாங்கித் திருகுகளை ஏறுமாறாகத் திருப்பிய சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் சிலர், 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். ஓர் இசை வகையே அதிலிருந்து கிளைத்தது. இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. அதே கருவியைக் கொண்டு, அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982இல், பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து இராகங்களை ஆட்டத் தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அன்று கேட்பாரில்லை, 2010இல் மறுபதிப்பு வந்தபின்பே உலகம் வியந்தது.

இன்று கருவி வாங்கப் பணம் தேவையில்லை. ஆடாசிட்டி, எல்எம்எம்எஸ் என்னும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தம்பி இவ்விரண்டையுமே பயன்படுத்தினான். ஒரு பழைய கணிப்பொறியும் ஒழுங்கான காதொலிப்பானும் போதும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருவெள்ளத்தில், திருச்செந்தூர் விரைவு வண்டி பயணிகளோடு நம் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கி நின்றதை நாடே அறியும். அதே வெள்ளத்தில் என் பெருக்கிகள் இரண்டு போயின. அவற்றைத் திரும்ப வாங்கிவிட்டேன். தம்பியின் முதற்கணிப்பொறியில் இருந்த ஒரு கிழவியின் தாலாட்டுப் பதிவும் போயிற்று. அந்த அம்மையார் இப்போது இல்லை.

மூன்றாம் மாலை, பாட்டைப் புதிதாக அடுக்கினான். பதினொன்றில் ஆறு தடங்களே எஞ்சின. நடுவில் முப்பது வினாடி கிக் கூட நின்றுவிடும். தப்பு மட்டும் ஒலிக்கும். பிறகு கிக் திரும்பி வரும். கேட்டுக்கொண்டிருந்த நூலகக் காப்பாளர் தாமறியாமல் நாற்காலியை விட்டு எழுந்தார். எனக்கு மிகுந்த மனநிறைவு. இரவோடு இரவாகத் தகப்பனாரை அழைத்து வரச் செய்தோம்.

அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். தப்பொலி வந்ததும் தலையை அசைத்தார். முடிந்தபின் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “எல்லாம் தெளிவாக் கேக்கு, அண்ணே. ஆனா இது நான் அடிச்சது இல்ல,” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மேசை மேலேயே விரல்களால் அடித்துக் காட்டினார். மூன்றாவது அடியை அவர் ஒரு மயிரிழை பிந்தி அடிக்கிறார். ஆடுகிறவன் கால் தூக்கி வைக்க அந்த நேரம் வேண்டுமாம். அவருடைய தகப்பனார் அவ்வாறு கற்பித்தாராம். தம்பியோ, ஒலியை அடி அடியாக வெட்டி, கணிப்பொறியின் கட்டங்களில் கோடு பிசகாமல் ஒட்டியிருந்தான். அந்தப் பிந்தல் எல்லாம் திருத்தப்பட்டுவிட்டது. நானும் மூன்று நாட்கள் உடனிருந்து கவனிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒலியோடு பழகியவன் என்று சொல்லிக்கொள்கிறேன்!

அன்றிரவு தம்பி உறங்கவில்லை. வயற்காட்டுப் பதிவை வெட்டாமல் முழுமையாக வைத்து, ஒவ்வொரு சுற்றின் முதலடியை மட்டும் கிக்கோடு பொருத்தி, இடைப்பட்டவற்றை அவர் கை போன போக்கிலேயே விட்டுவிட்டான். சில இடங்களில் பேஸையும் அவர் அடிக்கேற்பப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறான். விடியற்காலையில் என்னை எழுப்பிக் கேட்கச் செய்தான். தகப்பனார் இதனை இன்னும் கேட்கவில்லை; மேடையில்தான் கேட்பேன் என்று கூறிவிட்டார்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000ஆம் ஆண்டிலிருந்து விதி. ஆகையால் இன்றிரவு சிறுவர் நாடகம் முடிந்தவுடன், 9 மணியளவில் பாட்டு ஒலிக்கும். கேட்க விரும்புவோர் பெட்டிகளின் அருகில் நெருக்கியடித்து நிற்க வேண்டாம். இரு பெட்டிகளுக்கும் நடுவே, மேடையிலிருந்து முப்பது அடி தள்ளி நின்றால் நன்றாகக் கேட்கும். அங்கே தகப்பனாருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அதைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு நில்லுங்கள்.